கொலருக்குள் இருந்த பெயர்

1

நான் கட்டியதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிறகு ஒருவரும் "உவர் ஆர்?" என்று கேட்கக்கூடாது.

கொடிகாமம் சந்தைக்கு முன்னால் இருந்த படங்குக் கடை நான் கட்டியது. முதலில் ஓலைக் கொட்டில், பிறகு கல்வீடு. கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறிகளின் மேலே மழைக்குப் போர்த்துக் கட்டுவதுதான் படங்கு. அதைத் தைக்கத் தென்மராட்சியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு எரிந்து லொறிகள் குறைந்தபோது, "செல்லத்துரை இனி முடிஞ்சான்" என்றார்கள். சண்டையால் பாதை முழுதாகப் பூட்டுப்பட்டபோது மறுபடியும் சொன்னார்கள். நான் முடியவில்லை. லொறிக்குச் செய்த வேலையை மனிதருக்குச் செய்தேன். மழைக்கோட்டு செய்தேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பித்தேன். கிணறு வெட்டினேன். ஐம்பது கழிந்த பிறகு நோர்வேக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, பேர்கன் துறைமுகத்தில் படகுகளுக்கு மூடுதுணி தைக்கும் பட்டறை ஒன்றைப் போட்டேன். வெள்ளைக்காரன் என்னிடம் வரிசையில் நின்றான். படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் ஊர் வாசிகசாலை. ஆண்டு மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் தம்பி தொலைபேசி எடுத்தான். எடுத்தவன் அதோடு வைக்கவில்லை.

"ஐயா, ஒண்டு கேட்டால் கோவிக்கக்கூடாது. கிளாலிக் கடலிலை செத்த எங்கடை ஊர் ஆக்களின்ரை பேரையும் மலரிலை போடுறம். பழைய பட்டியலிலை உங்கடை பேரும் கிடக்குது."

"கிடக்கட்டும்."

"என்ன ஐயா கிடக்கட்டும்? நீங்கள் உயிரோடையெல்லே இருக்கிறியள். வெட்டிவிடட்டோ?"

"வெட்டாதை. அந்த வரியிலை ஒரு ஆள் இருக்கிறார்."

"ஆர்?"

"அதுதான் எனக்கும் தெரியாது."

அந்தப் பக்கத்தில் கடதாசி புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "பேரில்லாத ஆளை எப்பிடி ஐயா அச்சடிக்கிறது? மலர் அச்சுக்குப் போகமுந்தி ஒரு முடிவு சொல்லுங்கோ. இல்லாட்டி வரியையே எடுத்துப்போடுவன்."

அந்த வரியை எடுத்தால், ஒரு மனிதன் இந்த உலகத்தில் செத்ததற்கு வேறு எந்த அத்தாட்சியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

தம்பியின் தொலைபேசி வந்த கிழமை எங்கள் வீடு முழுக்கப் பெட்டியும் உடுப்புமாகக் கிடந்தது. மூத்தவள் வசந்தி எனக்கும் மனிசிக்கும் கலியாண நாள் பரிசு என்று சொல்லி வடக்கே போகிற உல்லாசக் கப்பலில், தனக்கும் மகன் ஆதிக்கும் சேர்த்து, நாலு இடம் எடுத்துவிட்டாள். மலைக்கு நடுவால் கடல் போகுமாம், பார்க்க வேண்டுமாம். கோடையிலும் அங்கே குளிரும், மழையும் பெய்யும்.

"அப்பா, மூண்டு அடுக்கு. உடம்போடை ஒட்டக் கம்பளி, அதுக்கு மேலை பஞ்சுச் சட்டை, அதுக்கு மேலை மழைக்கோட்டு. விளங்குதோ?"

எனக்கு அடுக்குச் சொல்லித் தருகிறாள்! பாதை பூட்டிய காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து வவுனியாவுக்குப் போன சனத்தைப் பார்த்தவனுக்கு. பொதி கூடினால் படகுக்காரர் ஏசுவார்கள் என்று சனம் உடுப்பை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வரும். மூன்று சேலை கட்டிய பெண்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு காற்சட்டைக்கு மேலே சாரம் உடுத்த வாத்தியாரைக் கண்டிருக்கிறேன். அதற்கு மேலே என்னுடைய கோட்டு.

மழைக்கோட்டு வாங்கப் போன கடையிலும் ஒரு சங்கதி நடந்தது. எனக்குத் தெரிந்த நோர்வே மொழி முழுக்க மீன் தொழிற்சாலை மொழி. கோட்டின் தலைமூடியைக் கழற்றலாமா என்று விற்கிற பெண்பிள்ளையிடம் கேட்க நினைத்து, மீன் வெட்டும் மேசையில் கத்துகிற மாதிரி "தலையை எடு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஓரடி பின்னால் போனாள். பேரன் ஆதி வெட்கப்பட்டு வேறு பக்கம் போய் நின்றான். அவனுக்கு என்னோடு கடைக்கு வருவதே ஒரு தண்டனை.

நாலு பேருக்கும் ஒரே நீல நிறக் கோட்டு. மலிவு விற்பனை. கப்பலில் மாறிப்போகும் என்று வசந்தி ஒவ்வொரு கோட்டின் கழுத்துக் கொலருக்குள்ளும் பெயர் எழுதிய நாடாத் துண்டு வைத்துத் தைத்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. வெளியே நடந்துவிட்டு வந்தேன். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம்.

பூத்தூவல் குழாய்க்குக் கீழே ஒரு ஆள் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தலைமூடி போட்டிருந்தது. தண்ணீர் தோளில் விழுந்து கையால் வழிந்தது. ஆள் அசையவில்லை.

"ஆர் உது?" என்றேன்.

வசந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோட்டு அப்பா. தண்ணி உள்ளை போகுதோ எண்டு பாக்கக் கொழுவி விட்டனான். மூண்டு அடுக்கையும் போட்டால்தான் தெரியும்."

போய்த் தொட்டுப் பார்த்தேன். தடித்த உடம்பு மாதிரித்தான் இருந்தது. கொலரை விரித்தேன். தமிழில், என் மகளின் கையெழுத்தில்: செல்லத்துரை.

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். மனிசி பாக்கியம் வந்து எட்டிப் பார்த்தாள். தண்ணீரைப் பூட்டினாள், கோட்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொழுவினாள். கோட்டுக்கு முகம் கிடையாது. ஆனாலும் அப்படித்தான் கொழுவினாள்.

3

கோட்டுச் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். இதை வேறு ஒருவரும் எழுத மாட்டார்கள்.

யூரியாப் பைக்குள்ளே ஒரு பொலித்தீன் உறை இருக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து, மேலே பழைய பேப்பரைப் போட்டு, சிரட்டைக் கரி போட்ட அயன்பெட்டியால் ஒரு இழுவை இழுத்தால் பிடித்துக்கொள்ளும். ஊசி போட்டுத் தைத்தால் ஓட்டை விழும், ஓட்டையால் தண்ணீர் வரும். தையல் இல்லாத கோட்டு. சூடு கூடினால் உருகும், குறைந்தால் பிரியும். அந்தச் சூட்டை நான் கன்னத்துக்குக் கிட்டப் பெட்டியைப் பிடித்துப் பார்ப்பேன்.

படகில் கோட்டுக்கள் மாறிப்போய்ச் சனம் கரையில் சண்டை பிடித்தது. எல்லாக் கோட்டும் ஒரே வெள்ளை. அதற்கும் வழி கண்டேன். ஒரு கடதாசித் துண்டில் பெயரும் ஊரும் எழுதி, கொலருக்குள் வைத்து அயன் பிடித்து மூடிவிடுவேன். கடலுக்குள் கிடந்தாலும் எழுத்து அழியாது. வாங்குகிறவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே பெயர் எழுதுவேன்.

சந்தையில் வெங்காயம் விற்கிற சின்னாச்சி அக்கா ஒருநாள் சொன்னாள்: "எடேய், நீ கோட்டு விக்கேல்லை. யமனுக்கு விலாசம் எழுதிக் குடுக்கிறாய்."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, கரையில் ஒதுங்கிய உடம்புகளைக் கொலரைப் பார்த்து ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். கிளாலிப் பக்கத்திலிருந்து யாராவது சைக்கிளில் வந்து கடை வாசலில் காலூன்றி, "செல்லத்துரை அண்ணை, இந்தப் பேருக்கு ஆர் வந்து கோட்டு வாங்கினது?" என்று கேட்டால், சந்தை முழுக்கச் சத்தம் நின்றுவிடும். ஆனாலும் கோட்டு வாங்குவதை ஒருவரும் நிறுத்தவில்லை. பெயர் இல்லாமல் தாருங்கள் என்று கேட்டவர்களும் இல்லை. அதுதான் எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

4

அது கார்த்திகை மழை. வவுனியாவுக்குப் போய்ப் பொலித்தீன் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கடல்நீரேரியின் அந்தப் பக்கத்துக் கரையில் நின்றேன். கடற்படைக்குப் பயந்து, பொழுது பட்டால்தான் படகு விடுவார்கள். பின்னேரம் முழுக்க நிற்க வேண்டும்.

அப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேறு, மழை, பொலித்தீன் போர்த்த சனம். தலைமூடிக்குள்ளே மூச்சுப் புகாராகப் படிந்து ஒருவருடைய முகமும் தெரியாது. குழந்தைகளும் சத்தம் போடவில்லை. பொலித்தீனில் மழை விழுகிற சத்தம் மட்டும், ஆயிரம் பேர் நகத்தால் சுரண்டுகிற மாதிரி.

பக்கத்தில் ஒருவர் கோட்டு இல்லாமல் நின்றார். தலையையும் முகத்தையும் துவாய்த் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார். கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. பல் அடித்தது. காய்ச்சல்.

"உங்கடை கோட்டு நல்ல கோட்டு அண்ணை."

"நல்ல கோட்டுத்தான். நான் செய்தது."

"நீங்களோ? கொடிகாமத்துச் செல்லத்துரை அண்ணையோ? பருத்தித்துறைப் பக்கமெல்லாம் உங்கடை கோட்டைப்பற்றித்தான் கதை."

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு சொல்லுக்கே கோட்டைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். கையில் என்ன என்று கேட்டேன். வைக்கோல் சுற்றிய ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"லாம்புக்குக் கண்ணாடிச் சிமினி. பிள்ளையள் போத்தல் விளக்கிலை படிச்சுப் புகையிலை கண் எரியுதெண்டு மனிசி ஒரே கரைச்சல். சிமினி ஒண்டு வாங்க வவுனியாமட்டும் போட்டு வாறன். விசரன் எண்டுதானே நினைக்கிறியள்?"

"நான் பொலித்தீனுக்குப் போட்டு வாறன். நீர் விசரன் எண்டால் நான் ஆர்?"

சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்று நடுக்கமானது. "குளிருதண்ணை" என்றார். நான் கோட்டைக் கழற்றினேன். என்னிடம் சுருள் கிடக்கிறது, ஒரு துண்டு வெட்டிச் சுற்றினால் போதும். அவர் சிமினியை வயிற்றடியில் வைத்து, கோட்டைப் போட்டு, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"கரையிலை நிண்டு தாறன் அண்ணை."

"நில்லும். அடுத்த படகிலை வாறன்."

படகுக்கு ஆள் கூப்பிட்டார்கள். என்னுடைய சுருள் பெரிது, ஏற்ற மாட்டோம் என்றார்கள். அவர் போனார். அவருக்கு என்னுடைய பெயர் தெரியும். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என்னுடைய கோட்டில், என்னுடைய பெயரோடு, தண்ணீருக்குள் இறங்கிப் போகிற அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதன் தன்னுடைய முதுகைத் தான் காண்பதில்லை. அன்றைக்கு நான் கண்டேன்.

அந்தப் படகு கரை சேரவில்லை. என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை. அதோடு பயணத்தை நிறுத்திவிட்டார்கள். நான் அந்தக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தேன். வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை.

5

பாதை திறந்ததும் முதல் படகில் வந்தேன். ஊர் ஒழுங்கையில் வேலிக்கு வேலி வெள்ளைக் கொடி கட்டிக் கிடந்தது. ஏதோ செத்தவீடு. அடுத்த வளவுப் பொன்னம்மா படலையடியில் நின்றாள்.

"ஆற்றை வீட்டுச் செத்தவீடு, பொன்னம்மா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கடை" என்றாள். படலையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினாள்.

வீட்டு முற்றத்தில் பந்தல். எட்டுச்செலவு நடக்கிறது. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற எட்டாம் நாள் சடங்கு. பாக்கியத்தின் தமையன் தம்பிராசா, என் மச்சான், பந்தல் காலைப் பிடித்தபடி கத்தினார்.

"அங்கையே நில்! உள்ளை வராதை!"

"மச்சான், நான்தான்."

"நான்தான் எண்டுதான் எல்லாப் பேயும் சொல்லும். ஆராவது அவன்ரை அயன்பெட்டியை எடுத்து வையுங்கோ. பேய் இரும்பைத் தொடாது, தூக்கட்டும் பாப்பம்."

பெட்டியைக் கொண்டுவந்து நடு முற்றத்தில் வைத்தார்கள். மழை அதன்மேல் விழுந்தது. என்னுடைய கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பிடி. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் உயிரோடு இருக்கிறேனா என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. தூக்கினேன். அன்றைக்குப் போல அது ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை.

பிறகுதான் அழுகை. முதல் அழுத அழுகை வேறு, இது வேறு.

எனக்குப் பசி. வாழையிலையில் நண்டுக் குழம்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் சுருட்டு. எல்லாம் எனக்குப் பிடித்தது. கையை நீட்டினேன். பாக்கியம் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, அதைத் தொடாதேங்கோ. அது உங்களுக்குப் படைச்சது. நீங்கள் தின்னக்கூடாது."

"அவருக்குப் படைச்சதை அவர் தின்னாமல் வேறை ஆர் தின்னுறது?" என்றார் மச்சான்.

"இவற்றை பேரிலை வந்தவர் தின்னட்டும்" என்றாள்.

அப்போதுதான் எல்லாரும் இலையடியைத் திரும்பிப் பார்த்தோம். இலைக்கு முன்னால் என்னுடைய படம். படத்துக்கு முன்னால் லாம்பு எரிந்தது. நல்ல சுடர், புகை இல்லை. சிமினி புதுசு.

"உது எங்காலை?"

"உங்கடை வயித்தடியிலை இருந்தது. கயித்தாலை கட்டியிருந்தியள். உடையேல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்கு வாங்கிக்கொண்டு வந்தனியள் எண்டு நினைச்சன்."

"முகம் பாத்தனியோ?"

"முகம் எண்டு ஒண்டு இருந்தால்தானே? கொலரைப் பாத்தம். உங்கடை கையெழுத்து, கோழி கிளறின மாதிரி."

எரிக்க ஒழுங்கு செய்தது மச்சான். என்னுடைய மருமகன் முறையான பெடியன் கொள்ளி வைத்தான். ஐயர் என்னுடைய நட்சத்திரம் சொல்லி மந்திரம் சொன்னார். அவருக்கு, அந்தப் பருத்தித்துறைப் பக்கத்து மனிதருக்கு, ஒரு குறையும் வைக்கவில்லை. பெயர் ஒன்றுதான் பிழை.

6

சீனியும் மாவும் பங்கீட்டில் எடுக்கிற கூப்பன் மட்டையில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். அலுவலரிடம் போனேன். "மரணத்தை மாத்திறதெண்டால் சம்பந்தப்பட்டவர் நேரிலை வரோணும்" என்றார். "வந்து நிக்கிறன்" என்றேன். "அத்தாட்சி?" என்றார். மச்சான் பின்னாலிருந்து, "அயன்பெட்டியைக் கொண்டந்து தூக்கிக் காட்டட்டோ?" என்றார். சீனி மறுபடி கிடைக்க மாதங்கள் சென்றன.

அந்த மனிதரைத் தேடிப் பருத்தித்துறைக்குச் சைக்கிளில் போனேன். சந்தையில், ஆசுபத்திரி வாசலில், கோயிலடியில் கேட்டேன். "சிமினி வாங்கப் போன ஆள் ஆரும் வராமல் இருக்கினமோ?" அந்த நாட்களில் வராதவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். சிமினி எல்லா வீட்டுக்கும் வேண்டியிருந்தது.

ஒரு வளவில் மூன்று பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். மூவருடைய புருசன்மாரும் போனவர்கள்.

"முகம் எப்பிடி ஐயா?"

"முகம் காணேல்லை. துவாய் சுத்தியிருந்தவர்."

"உயரமோ, கட்டையோ?"

"என்னளவு. என்ரை கோட்டு அளவாய்த்தான் இருந்தது."

"குரல்?"

குரல் எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லிக் காட்டினேன், அவர் சொன்ன மாதிரியே, பல் அடிக்க: "குளிருதண்ணை."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குழறி அழுதார்கள். மூன்று பேரும் "அவர்தான்" என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு வீட்டிலும் அந்தக் குரலைச் சொல்லிக் காட்டவில்லை. இங்கே பேர்கனில் மழை நிற்பது குறைவு. யன்னலடியில் தனியே இருக்கும்போது சிலவேளை வாய் தானாக அதைச் சொல்லப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியை நான்தான் செய்வித்தேன். "ஆற்றை பேருக்கு?" என்று ஐயர் கேட்டார். என்னுடைய பேருக்கே செய்யுங்கள் என்றேன். உயிரோடு இருக்கிறவருக்குச் செய்ய மாட்டேன் என்றார். பெயர் சொல்லுகிற இடம் வந்தபோது அதை விட்டுவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார். அன்றிலிருந்து வருசா வருசம் கார்த்திகையில் அவருக்கு நண்டுக் குழம்பு வைத்துப் படைக்கிறோம். அவருக்கு நண்டு பிடிக்குமோ தெரியாது.

தொண்ணூற்றைந்துச் சண்டையில் வலிகாமத்துச் சனம் முழுக்க எங்கள் பக்கம் வந்து பள்ளிக்கூடங்களில் குவிந்தபோது, பாக்கியம் அந்தச் சிமினியை ஒரு தாய்க்குக் கொடுத்தாள். "ஆரோ ஒருத்தர் பிள்ளையள் படிக்க வாங்கினது. எந்தப் பிள்ளை படிச்சாலும் அவருக்குச் சரி." அடுத்த கிழமை நாங்களும் கடையைப் பூட்டிவிட்டு, அதே கடலைக் கடந்தோம். என்னுடைய கோட்டில் பெயர் இல்லை.

7

நாளைக்குக் கப்பல். இன்று காலையில் வசந்தியிடம் நாடாவை வெட்டி எடுக்கச் சொன்னேன்.

"நாலும் ஒரே நீலம் அப்பா. மாறிப்போகும்."

"மாறட்டும். என்ரை பேரோடை வேறை ஒருத்தரும் தண்ணிக்குப் பக்கத்திலை நிக்கக்கூடாது."

அவளுக்குப் பாதிக் கதை தெரியும். எட்டுச்செலவு அன்றைக்கு அவள் முற்றத்தில் நின்றவள். ஆனால் ஆதிக்கு இன்றைக்குத்தான் தெரியவந்தது. தோசையைத் தின்றுகொண்டே தன்னுடைய நோர்வேத் தமிழில் கேட்டான்: "அம்மப்பா, அப்ப நீங்க ஒரு தரம் செத்ததா?"

"அவர் சாகேல்லை. அவரைப்போலை ஒருத்தர் செத்தவர்" என்றாள் பாக்கியம்.

"அவர் பேர் என்ன?"

"அதுதான் எனக்கும் தெரியாது" என்றேன். ஆதி தோசைத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தான். அவன் தானாக என் பக்கத்தில் வந்து இருந்து கனகாலம்.

வசந்தி நாடாவை வெட்டினாள். கோட்டு பெட்டிக்குள் போய்விட்டது. நான் செயலாளர் தம்பிக்கு என்னுடைய முடிவை எழுதுகிறேன்.

தம்பி, என் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடு. வரியை எடுக்காதே. அந்த இடத்தில் இப்படிப் போடு: "பருத்தித்துறைப் பக்கத்து ஒருவர். பிள்ளைகள் படிக்க லாம்புச் சிமினி வாங்கப் போனவர். கொடிகாமம் படங்குக்கடைச் செல்லத்துரை செய்த மழைக்கோட்டோடு கரை சேர்ந்தவர்." எங்கேயோ ஒரு வீட்டில் இதை வாசித்து, அது தங்களுடைய ஆள் என்று யாராவது நினைத்தால், மூன்று வீட்டில் நினைத்தாலும், நினைக்கட்டும்.

கடைசி வசனத்தை இடம் போதாது என்று வெட்டிவிடாதே. படகு தப்பவில்லை, ஆள் தப்பவில்லை, முகம் தப்பவில்லை. கோட்டு விட்டுக்கொடுக்கவில்லை. கடலுக்குள் கிடந்தும் ஒரு ஓரம் பிரியவில்லை, கண்ணாடி உடையவில்லை. அது யூரியாப் பையிலும் சிரட்டைக் கரியிலும் நான் செய்த வேலை. என்னுடைய பெயரைச் செத்தவர்களோடு இத்தனை வருசம் சும்மா போட்டீர்கள். இப்போது வேலை செய்தவன் என்று போடுங்கள்.